வாட் எண்ணைப் பார்த்து வாங்கிய சால்டரிங் அயர்ன்

அந்தப் பச்சை போர்டு இன்னமும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. பவர் சப்ளை ஒன்றின் போர்டு. வீங்கிப்போன கெபாசிட்டர் ஒன்றை மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. இரண்டு கால்களில் ஒன்று சொன்னபடி கேட்டது. ஈயம், அதாவது காலைப் போர்டோடு ஒட்டவைத்திருக்கும் சால்டர் கலவை, உருகியது, கால் வெளியே வந்தது. மற்றது கிரவுண்ட் பக்கத்துக் கால், போர்டின் பொதுவான இணைப்பில் சேர்வது. ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்னின் முனையை வைத்தேன், உருகவில்லை. அழுத்தினேன், அப்போதும் உருகவில்லை. ஈயத்தின் மேற்பரப்பு மட்டும் மங்கி, சேறு போலக் குழைந்தது. முனை அதிலேயே ஒட்டிக்கொண்டது. பத்து வினாடி, இருபது வினாடி. பிறகு கருகிய வாடை. கெபாசிட்டரைப் பிடித்து இழுத்தேன். காலோடு சேர்ந்து, துளையைச் சுற்றியிருந்த செப்பு வளையமும் பெயர்ந்து வந்துவிட்டது.

சூடு அதிகமாகி போர்டு தீய்ந்துவிட்டது என்றுதான் அன்று நினைத்தேன். பல மாதங்கள் அப்படியே நம்பிக்கொண்டு, கையை நடுங்காமல் வைக்கப் பழகினேன், முனையைத் தொட்டும் தொடாமலும் எடுக்கப் பழகினேன். எல்லா இணைப்பும் டிரை சால்டர், அதாவது ஈயம் சரியாகப் பிடிக்காத இணைப்பு, ஆனதுதான் மிச்சம். உண்மை நேர்மாறானது. சூடு போதாததால்தான் போர்டு தீய்ந்தது. வலுவான அயர்ன் இரண்டு, மூன்று வினாடியில் ஈயத்தை உருக்கிவிட்டு விலகிவிடும். சுற்றுப்புறம் சூடாவதற்கு நேரமே இருக்காது. வலுவில்லாத அயர்ன் உருக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கும். அதன் சூடு செம்பின் வழியே பரவிப் பரவி, செப்புத் தகட்டைப் போர்டோடு பிடித்துவைத்திருக்கும் பிசினை இளக்கிவிடும்.

என் கையில் இருந்தது 25 வாட், இரண்டு பின் பிளக், பென்சில் சீவியது போன்ற கூர்முனை. சிறிய வேலைக்குச் சிறிய முனை என்று எனக்கு நானே நியாயம் சொல்லி வாங்கியது. வாட் என்ற ஒற்றை எண்ணைத் தவிர வேறு எதையும் பார்க்கத் தெரியாத காலம்.

இப்போது யாராவது கேட்டால் தண்ணீர்த் தொட்டியை வைத்துத்தான் விளக்குகிறேன். அயர்னின் சூடேற்றும் கம்பி மோட்டார். முனையில் இருக்கும் செம்பின் கனம் தொட்டி. முனையின் வடிவம் குழாய். மோட்டார் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், குழாய் ஊசித் துவாரமாக இருந்தால் வாளி நிரம்பாது. கூர்முனை போர்டைத் தொடுவது ஒரு புள்ளியில் மட்டும். கிரவுண்ட் பக்கத்தில் போர்டு முழுக்கப் படர்ந்திருக்கும் செம்போ சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சும்மா இருக்கும்போது 400 டிகிரி செல்சியஸ் காட்டும் முனைகூட அங்கே வைத்தவுடன் மளமளவென்று இறங்கி, ஈயம் உருகும் 183 டிகிரிக்குக் கீழே போய்விடும். அதனால் சும்மா இருக்கும்போது எவ்வளவு சூடு என்பது பெரிய செய்தி அல்ல. தொட்ட பிறகு எவ்வளவு விரைவில் மீண்டு எழுகிறது என்பதுதான் செய்தி. அயர்ன் பெட்டியின் மேல் அதை யாரும் அச்சிடுவதில்லை.

கூர்முனையை மாற்றி, உளி போல நுனி தட்டையாக இருக்கும் முனையைப் போட்டிருந்தாலே அந்த 25 வாட் அயர்ன் பாதி வேலையாவது செய்திருக்கும். எனக்கோ அது தெரியவில்லை. அதற்கு முன்பே முனையைக் கொன்றுவிட்டேன். அதுவும் ஒரு கதை.

என் சித்தப்பா வால்வு ரேடியோ காலத்திலிருந்தே பழுதுபார்க்கிறவர். அவருடைய அயர்ன் கட்டைவிரல் தடிமனுக்குச் செம்பு முனை கொண்டது. வேலையைத் தொடங்கும் முன் முனையை அரத்தால் நான்கு இழுப்பு இழுப்பார், செம்பு பளிச்சென்று தெரியும், உடனே ஈயம் பூசுவார். சின்ன வயதில் அதைப் பார்த்துப் பார்த்து மனதில் பதிந்துவிட்டது. என் முனை கறுத்து, ஈயம் ஒட்டாமல் உருண்டு விழத் தொடங்கியதும், நானும் அரத்தை எடுத்தேன். கேட்டபோது அவரும், "முனை கறுத்தால் அரம் போடு" என்றுதான் சொல்லியிருந்தார். முதல் நாள் அற்புதமாக வேலை செய்தது. இரண்டு வாரத்தில் முனையின் பக்கவாட்டில் எறும்புப் புற்று வாய் போல ஒரு சிறு குழி. அது நாளுக்கு நாள் ஆழமாகி, கடைசியில் முனை ஒருபக்கம் கரைந்து கொக்கி போல வளைந்து நின்றது.

அடுத்த முறை அவரைப் பார்க்கப் போனபோது கையோடு எடுத்துச் சென்றேன். பூதக்கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"இது என் முனை மாதிரி முழுச் செம்பு இல்லை. செம்புக்கு மேலே சட்டை போட்டிருக்கிறார்கள். நீ சட்டையைக் கிழித்துவிட்டாய்."

"நீங்கள்தானே அரம் போடச் சொன்னீர்கள், சித்தப்பா?"

"என் முனையை நினைத்துச் சொன்னேன். உன் முனையை நீ காட்டவே இல்லையே" என்றார்.

அவர் சொன்ன சட்டை இரும்புப் பூச்சு. உருகிய வெள்ளீயம் செம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னுள் கரைத்துக்கொள்ளும் தன்மை உடையது. இரும்பையும் கரைக்கும், ஆனால் மிக மிக மெதுவாக. அதனால்தான் இக்கால முனைகளில் உள்ளே செம்பு, அதன்மேல் இரும்புப் பூச்சு, ஈயம் ஒட்டக் கூடாத கழுத்துப் பகுதியில் குரோமியம், நுனியில் மட்டும் வெள்ளீயம் என்று அடுக்கடுக்காகப் போர்த்துகிறார்கள். அரமோ உப்புத்தாளோ பட்டால் இரும்புப் பூச்சு போய்விடும். அப்புறம் உள்ளே இருக்கும் செம்பைக் காப்பாற்ற யாராலும் முடியாது.

மலிவான அயர்ன்களில் சிலவற்றுக்கு இந்தப் பூச்சே கிடையாது. வெளியே வெள்ளியாக மின்னும், உள்ளே வெறும் செம்பு. இதைக் கண்டுபிடிக்க ஒரு சிறிய காந்தம் போதும். முனையின் நுனியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். பிடிப்பே இல்லையென்றால், இரும்புப் பூச்சு என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். லேசான பிடிப்பு இருந்தால் அது நிக்கல் பூச்சாகவும் இருக்கலாம். ஆகவே காந்தம் ஒட்டினால் தேர்ச்சி என்று சொல்ல மாட்டேன், ஒட்டாவிட்டால் தோல்வி என்று சொல்வேன். வெறும் செம்பு முனைதான் வாய்த்ததென்றால் கவலையில்லை. அதற்கு என் சித்தப்பாவின் அரம் பொருந்தும்.

இரண்டாவதாக வாங்கியது, கைப்பிடியிலேயே சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு உள்ள 60 வாட் அயர்ன். 200 முதல் 450 வரை எண்கள். முதல் அனுபவத்தில் சூடுபட்ட பூனை அல்லவா, நேராக 450-இல் வைத்தேன். கிரவுண்ட் கால்கள் எல்லாம் பணிந்தன. ஒரே வாரத்தில் முனை கரிக்கட்டை. சூடு ஏற ஏற முனையின் மேல் ஆக்சைடு படிவது வேகமாகும்; ஈயம் ஒட்ட உதவும் ஃப்ளக்ஸும் வேலை செய்யும் முன்பே எரிந்துபோகும். காரீயம் கலந்த சாதாரண ஈயத்துக்கு 320 முதல் 350 டிகிரியே தாராளம். காரீயம் இல்லாத வகைக்கு 350 முதல் 380. அதற்கு மேல் திருக வேண்டிய தேவை வந்தால், குறை திருகில் இல்லை, முனையின் அளவில் இருக்கிறது.

இந்தத் திருகு வைத்த அயர்ன்களில் ஒரு சூட்சுமம் உண்டு. பார்க்க ஒன்றுபோல இருக்கும் இரண்டு சாதிகள். ஒன்றில் முனைக்கு அருகே உணரி இருக்கும். சூடு இறங்கினால் மின்சாரத்தைக் கூட்டும், ஏறினால் நிறுத்தும். மற்றொன்றில் இருப்பது மின்விசிறி ரெகுலேட்டர் மாதிரி ஒரு சுற்று மட்டுமே. திருகினால் மின்சாரம் கூடும், குறையும். முனையில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. திருகைச் சுற்றி எழுதியிருக்கும் டிகிரி வெறும் அலங்காரம். கைப்பிடியைத் திறந்து பார்த்தால் சூடேற்றும் குச்சியிலிருந்து நான்கு கம்பிகள் வந்தால் உணரி இருக்கிறது. இரண்டு மட்டும் வந்தால் பெரும்பாலும் இல்லை.

திறக்காமலே சோதிக்கவும் வழி இருக்கிறது. ஈயக் கலவைகளே நல்ல வெப்பமானிகள். 63-க்கு 37 என்ற விகிதத்தில் வெள்ளீயமும் காரீயமும் கலந்த கம்பி சரியாக 183 டிகிரியில் உருகும். 99.3 விழுக்காடு வெள்ளீயமும் மீதி செம்பும் கலந்த, காரீயமில்லாத கம்பி 227 டிகிரியில்தான் உருகும். திருகை 200-இல் வைத்து, பத்து நிமிடம் விட்டுவிட்டு, இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுப் பாருங்கள், இடையில் முனையை நன்றாகத் துடைத்துவிட்டு. முதல் கம்பி உருகி, இரண்டாவது அசையாமல் இருந்தால் அயர்ன் நேர்மையானது. இரண்டும் உருகினால் திருகு சொல்வதைவிட முனை அதிகம் சூடாகிறது. முதல் கம்பியே உருகாவிட்டால் சொல்லவே வேண்டாம். என்னுடைய 60 வாட் அயர்ன் 200-இல் இரண்டையுமே நெய்யாக உருக்கியது.

மூன்றாவது வாங்கும்போது கொஞ்சம் படித்துவிட்டு வாங்கினேன். குறைந்த செலவில் இன்று கிடைப்பவை மூன்று வழிகள். ஹாக்கோ நிறுவனத்தின் பழைய 936 ஸ்டேஷனின் வழியில் வந்த, 900எம் வகை முனை போடும் ஸ்டேஷன்கள் (சூட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டியோடு அயர்ன் இணைந்தவை) ஒன்று. இதில் பீங்கான் சூடேற்றி தனி. குழல் போன்ற முனை அதன்மேல் தொப்பியாக உட்காரும். முனைகள் மலிவு, எல்லா வடிவத்திலும் கிடைக்கும். ஆனால் அந்தத் தொப்பிக்கும் சூடேற்றிக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் காற்று சூட்டைத் தடுத்துவிடும். நகல் முனைகளில் உள்விட்டமும் ஆழமும் ஆளுக்கு ஒரு அளவு. அயர்ன் திடீரென்று சோம்பேறி ஆகிவிட்டதென்று தோன்றினால் முதலில் முனை ஆடுகிறதா என்று பாருங்கள், குளிர்ந்த பிறகு.

இரண்டாவது, டி12 வகை. இதில் சூடேற்றியும் உணரியும் முனைக்குள்ளேயே அடைத்து வரும். இடைவெளி இல்லை என்பதால் மீண்டெழும் வேகம் வியக்க வைக்கும். முனை தேய்ந்தால் சூடேற்றியையும் சேர்த்துத் தூக்கி எறிய வேண்டியிருப்பதால் ஒவ்வொரு முனையும் விலை கூடுதல். மூன்றாவது, பேனா அளவில் இருக்கும் டிஎஸ்100, பைன்சில் போன்றவை. இவையும் அதே தத்துவம்தான். மின்சாரம் மட்டும் வெளியிலிருந்து ஓர் அடாப்டர் கொடுக்கும்.

அந்த அடாப்டரில்தான் பலர் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். இவ்வகை முனையின் மின்தடை ஏறத்தாழ 8 ஓம். வோல்டேஜைத் தன்னாலேயே பெருக்கி 8-ஆல் வகுத்தால் வாட் வந்துவிடும். 24 வோல்ட் கொடுத்தால் 72 வாட். 20 வோல்ட் கொடுத்தால் 50. வீட்டில் சும்மா கிடந்த 12 வோல்ட் அடாப்டரைச் செருகினேன்: வெறும் 18 வாட்! இழுப்பறையில் கிடந்த என் பழைய 25 வாட் அயர்னே அதைவிட மேல். கருவியைத் திட்டித் தீர்த்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். யுஎஸ்பி-சி சார்ஜர் வைத்து ஓட்டுவதானால் அது பவர் டெலிவரி முறையில் 20 வோல்ட் தருகிறதா என்று அதன் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துவிடுங்கள். சார்ஜர் தனியாக வாங்க வேண்டியிருந்தால் அந்தச் செலவையும் அயர்னின் விலையோடு கூட்டித்தான் ஒப்பிட வேண்டும்.

என் தீர்ப்பு கேட்டால்: மேசையில் ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்பவருக்கு டி12, இடம் குறைவு, எடுத்துவைத்து எடுத்துவைத்துச் செய்ய வேண்டும் என்பவருக்கு 20 வோல்ட் சார்ஜரோடு பேனா வகை. இரண்டுக்கும் கை எட்டவில்லையென்றால், உணரி உள்ள 60 வாட் திருகு அயர்னும் உளி முனை ஒன்றும். பத்து முனைகள் இலவசம் என்று வரும் பெட்டியைக் கண்டு மயங்க வேண்டாம். அந்தப் பத்தில் ஒன்பதை நீங்கள் தொடவே மாட்டீர்கள். நான் பயன்படுத்துவது 2.4 மில்லிமீட்டர் அகல உளி முனை; நூற்றுக்குத் தொண்ணூறு வேலை அதிலேயே முடிந்துவிடுகிறது. ஐசியின் நெருக்கமான கால்களுக்குக்கூட உளியின் ஓரத்தைச் சாய்த்துத் தொட்டால் போதும்.

எர்த் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அந்த முதல் இரண்டு பின் அயர்னில் வேலை செய்த ஒரு மாஸ்ஃபெட் (ஒருவகை டிரான்சிஸ்டர்) ஏன் செத்தது என்று வெகுநாள் புரியவில்லை. ஒருநாள் மல்டிமீட்டரை ஏசி வோல்டேஜில் வைத்து, ஒரு முனையை எர்த்திலும் மற்றொன்றை அயர்னின் நுனியிலும் வைத்தேன். 60 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பயப்படும்படியான மின்னோட்டம் அல்ல. சூடேற்றும் கம்பிக்கும் முனைக்கும் நடுவே கசிந்து வரும் சொற்ப மின்சாரம், ஆளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பல மாஸ்ஃபெட்டுகளின் கேட் என்ற கட்டுப்பாட்டுக் கால் தாங்கக்கூடியது 20 வோல்ட்தான். மூன்று பின் உள்ள அயர்னை வாங்கினாலும் எர்த் கம்பி உண்மையிலேயே முனைவரை போகிறதா என்று பார்க்க வேண்டும். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, அயர்ன் குளிர்ந்திருக்கும்போது, நுனிக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே மின்தடையை அளந்தால் 2 ஓமுக்குள் இருப்பது நல்லது. மூன்றாவது பின் வெறும் அழகுக்கு இருந்த ஒரு அயர்னையும் நான் பார்த்திருக்கிறேன். பேனா வகையில் வோல்டேஜ் குறைவு என்பதால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்கக் கூடாது. எர்த் இல்லாத இரண்டு பின் சார்ஜரின் உள்ளே இருக்கும் கெபாசிட்டர் வழியாக இதே கசிவு முனைக்கு வரும். மாஸ்ஃபெட் வேலை என்றால் எர்த் உள்ள சார்ஜர், அல்லது பவர் பேங்க்.

வயரையும் தொட்டுப் பாருங்கள். விறைப்பான பிவிசி வயர் கையை ஒருபக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும், முனை பட்டால் உருகியும்விடும். சிலிகான் வயர் துணி போல வளையும், சூட்டுக்கும் அசையாது. ஸ்டாண்டு கனமாக இருக்கட்டும். அயர்ன் கீழே விழும்போது பிடிக்கப் போகாதீர்கள். நான் ஒருமுறை பிடித்தேன், மறுமுறை பிடிக்கவில்லை.

நல்ல அயர்னை வாங்கியும் இணைப்பு சொரசொரவென்று வருகிறது என்று புலம்பினால், அடுத்த குற்றவாளி ஈயக்கம்பி. பெயரில்லாத சுருள் ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் அயர்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கலவை விகிதம் அச்சிட்டிருக்கும், நடுவே ரோசின் (பைன் மரப் பிசின்) ஃப்ளக்ஸ் ஓடும் 0.8 மில்லிமீட்டர் கம்பி ஒன்றை மாற்றியதும் இணைப்புகள் கண்ணாடி போல மின்னின. தண்ணீர்க் குழாய் வேலைக்கான அமில ஃப்ளக்ஸ் போர்டின் பக்கமே வரக் கூடாது, அரித்துத் தின்றுவிடும்.

முனையைப் பேணுவதற்கு நான் செய்வது இரண்டே காரியம். துடைக்க ஈரப் பஞ்சுக்குப் பதில் பித்தளைச் சுருள். ஈரம் முனையை ஒரு நொடியில் குளிரவைத்து, பூச்சில் விரிசல் விழ வழிசெய்கிறது. அணைக்கும் முன் முனையைத் துடைக்காமல், மாறாக ஒரு சொட்டு ஈயத்தைப் பூசிவிட்டே அணைக்கிறேன். காற்று அந்த ஈயத்தைத்தான் கறுக்க வைக்கும், இரும்பை அல்ல. கறுத்துவிட்ட முனையை மீட்கவும் சூட்டைக் குறைத்து, புது ஈயத்தைச் சுற்றிச் சுற்றி உருக்கித் துடைப்பதே வழி. பொறுமை வேண்டும். சில சமயம் அரை மணி நேரம்கூட ஆகும்.

புகையைப் பார்த்துக் காரீயம் ஆவியாகிறது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. காரீயம் கொதிக்க 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். நம் முனையில் எழுவது ரோசின் புகை. ஆனால் அதுவும் சாதாரணமல்ல, நாள்தோறும் சுவாசித்தால் ஆஸ்துமா வரவழைக்கக் கூடியது. சிறிய மின்விசிறி ஒன்றைப் புகையை இழுத்து அப்பால் தள்ளும்படி வைத்துக்கொள்கிறேன். காரீயம் உடலுக்குள் போவது விரலில் ஒட்டி, வாய் வழியாக. வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் சரி.

சில மாதங்களுக்கு முன் இழுப்பறையில் இருந்த அந்தப் பச்சை போர்டை வெளியே எடுத்தேன். செப்பு வளையம் போன இடத்தில் புது கெபாசிட்டரின் காலை மடக்கி, பக்கத்திலிருந்த கிரவுண்ட் செம்பின் பச்சைப் பூச்சைக் கத்தி நுனியால் சுரண்டி, முனையை 340 டிகிரியில் வைத்துத் தொட்டேன். ஒன்று, இரண்டு என்று எண்ணி முடிப்பதற்குள் ஈயம் செம்பின் மேல் தானாகப் பரவி, விளிம்பு தெரியாமல் படிந்துவிட்டது. மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன், 12 வோல்ட் வந்தது. பேனா அயர்னுக்குப் பயன்படாத 12 வோல்ட் அடாப்டர் ஏற்கெனவே ஒன்று இருப்பதால், இதை என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பவும் இழுப்பறையிலேயே வைத்திருக்கிறேன்.